மிச்சத்தைச் சாப்பிட்டுத் தீர்த்த மாதம்

“மாதம் ரூ. 9,000. வாடகைப் பங்கு 3,500. மெஸ் 3,000. ஆட்டோ, மெட்ரோ 600. போன் 250. ஜெராக்ஸ், புத்தகம் 500. இதர வகை 650. அவசரத்துக்கு 500. ஆகஸ்ட், செப்டம்பர், அக்டோபர் மூன்றும் சோதனைக் காலம். எந்த மாதமாவது மேற்படி தொகையைத் தாண்டினால் நவம்பர் முதல் தேதி பெஹாலா.”

அப்பாவின் கையெழுத்து. தேதி ஜூலை மாதத்தின் கடைசி ஞாயிறு. கோடு போட்ட அலுவலகத் தாளை நான்காக மடித்து என் பெட்டியில் உடைகளுக்கு மேலே வைத்திருந்தார். மடிப்பு விழுந்த இடத்தில் ‘மெஸ்’ என்ற சொல் இப்போது கிட்டத்தட்ட அழிந்துவிட்டது. தாளின் பின்பக்கம் அம்மா பென்சிலால் ஒரு வரி எழுதியிருந்தாள். அதை நான் மூன்று மாதம் கழித்துத்தான் பார்த்தேன். அது என்ன என்பதைப் பிறகு சொல்கிறேன்.

ஆண்டைச் சொல்லாமல் விடுவது என் வழக்கமில்லை. ஆனால் இந்த அத்தியாயத்தில் வரும் பிங்கி கெஞ்சிக் கேட்டுக்கொண்டிருக்கிறாள். ஆண்டு தெரிந்தால், அவள் எந்தப் பரீட்சையை இரண்டாம் முறை எழுதிக்கொண்டிருந்தாள் என்பதும் தெரிந்துவிடுமாம். எனவே, அண்மைக் காலம் என்பதோடு நிறுத்திக்கொள்கிறேன்.

போன வாரம் எழுதியதில் ஒரு திருத்தம் உண்டு. கிடர்பூர் குவார்ட்டர்ஸைக் காலி செய்ய லாரி வந்தது செவ்வாய்க்கிழமை என்று எழுதியிருந்தேன். புதன் என்கிறாள் அம்மா. டைரியைப் பார்த்தேன். அம்மா சொன்னதே சரி.

ஐந்து போன்கள்

அது அக்டோபர் மாதத்தின் கடைசி சனிக்கிழமை. காலை ஒன்பது மணி இருக்கும். கொல்கத்தாவின் ஜாதவ்பூரில், ரயில் பாதைக்கு இந்தப் பக்கம், இரண்டாம் மாடியில் எங்கள் மெஸ். மூன்று அறை, ஒரு சமையலறை, ஒரு நீள மேஜை. மேஜையைச் சுற்றி நாங்கள் ஐந்து பேர் உட்கார்ந்திருந்தோம். எல்லோருக்கும் மூத்தவள் ரினிதி; எம்.ஏ. இரண்டாம் வருடம். அக்காவை இங்கே ‘தி’ சேர்த்துத்தான் கூப்பிடுவார்கள். என் அறைத்தோழி பிங்கி. பர்தமானிலிருந்து வந்த இரட்டையர் ஜுமாவும் சோமாவும். பிறகு நான். பெயர் காந்திமதி. அங்கே மதி.

மேஜை நடுவில் மெஸ் பணம் வைக்கும் பிஸ்கட் டப்பா. அந்த மாதம் நான்தான் மெஸ் மானேஜர்.

“கணக்கு முடிச்சாச்சு. ஆளுக்கு நானூத்திப் பன்னெண்டு ரூபா மிச்சம். உங்க பங்கை போன்லயே அனுப்பிட்டேன்” என்று அறிவித்தேன். எனக்குப் பெருமை தாங்கவில்லை.

டிங். ரினிதியின் போன். டிங். பிங்கியின் போன். டிங், டிங். இரட்டையர்.

ரினிதி தன் போனை எடுத்துப் பார்த்தாள். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடியும் பார்த்தாள்.

“மதி, இது என்ன?”

“மிச்சம், ரினிதி.”

“மிச்சம்னு தெரியுது. அதை எதுக்கு எனக்கு அனுப்பற?”

சமையலறையிலிருந்து மினோதி மாசி கரண்டியோடு வெளியே வந்தார். எங்களுக்குச் சமைப்பவர்; மாசி என்றால் சித்தி. ஐம்பது வயது இருக்கும். குரலுக்கு முப்பது. “என்ன சொல்றா? பணத்தைத் திருப்பிக் கொடுத்துட்டாளா? அப்போ பீஸ்ட்?” மாதக் கடைசி விருந்துக்கு இங்கே அந்தப் பெயர்.

“பீஸ்ட் இல்லையாம் மாசி” என்றாள் பிங்கி. அவள் கண்ணில் நிஜமாகவே தண்ணீர் வந்துவிட்டது.

நான் செய்த காரியம் என்ன என்பது விளங்க, மூன்று மாதம் பின்னால் போக வேண்டும்.

பெஹாலா என்றால் என்ன

எங்கள் பூர்வீகம் திருநெல்வேலிப் பக்கம். அப்பா இருபத்தேழு வருடம் கிடர்பூர் துறைமுகத்தில் கணக்குப் பிரிவில் இருந்தார். நான் பிறந்ததும் வளர்ந்ததும் துறைமுகக் குவார்ட்டர்ஸில். கல்லூரியில் இரண்டாம் வருடம் தொடங்கும்போது அப்பாவுக்குத் தூத்துக்குடிக்கு மாற்றல் வந்தது. ஹாஸ்டலில் இடமில்லை. என்னை எங்கே வைப்பது?

இரண்டு வழி இருந்தது. ஒன்று, பெஹாலாவில் அப்பாவின் பெரியப்பா மகன் வீடு. எனக்குப் பெரியப்பா. நல்லவர். ஆனால் மாலை ஆறு மணிக்கு வாசல் கிரில்லைப் பூட்டிச் சாவியைத் தலையணைக்கு அடியில் வைப்பவர். என் கடைசி வகுப்பு ஐந்தரைக்கு முடியும். அங்கிருந்து பெஹாலாவுக்கு நல்ல நாளிலேயே ஒன்றேகால் மணி நேரம். நூலகம் எட்டு மணி வரை திறந்திருப்பதை நான் வெளியே நின்று பார்க்கக்கூட முடியாது.

இன்னொரு வழி, மெஸ். பிங்கியின் அறையில் ஒரு கட்டில் காலியாக இருந்தது.

அப்பா ஒரு வாரம் யோசித்தார். கடைசியில் அந்தத் தாளை எழுதினார்.

“ஏட்டி, நல்லாக் கேட்டுக்கோ. ஒம் மேல எனக்குச் சந்தேகம் ஒண்ணும் கெடையாது. ஆனா ஒரு ஆளு தனியா இருக்கத் தெரிஞ்ச ஆளா இல்லியான்னு அவங்க கணக்குல தெரிஞ்சுரும். மூணு மாசம் பாக்கேன்.”

“தாண்டுச்சுன்னா?”

“பெரியப்பா வீடு இருக்குல்லா.”

அம்மா முந்தானையை வாயில் வைத்துச் சிரித்தாள். “அவரு சொல்லுதாருன்னு நீ பயப்படாதளா. டாலிகஞ்ச் மெஸ்ல இருந்தப்போ மாசக் கடைசில அவருகிட்ட பஸ்ஸுக்குக் காசு இருக்காது. நடந்தே கிடர்பூர் போயிருக்காரு.”

“ஏ, சும்மா கெட” என்றார் அப்பா.

டாலிகஞ்ச் வழக்கம்

இங்கே ஒரு கிளைக் கதை. என் தவறின் வேர் அங்கேதான் இருக்கிறது.

கல்யாணத்துக்கு முன்பு அப்பா டாலிகஞ்சில் ஒரு தமிழ் மெஸ்ஸில் நாலு வருடம் இருந்தார். ஆறு பேர், வங்கி, துறைமுகம், மத்திய அரசு அலுவலகம் என்று கலந்தவர்கள். எல்லோரும் ஒரே தொகையைப் போடுவார்கள். மாதக் கடைசியில் மிஞ்சியதைப் பைசா பாக்கி இல்லாமல் பிரித்துக் கொடுத்துவிடுவார்கள். ஒரு மாதம் மிச்சம் ஆளுக்கு இருபத்தைந்து காசு. அதையும் கொடுத்தார்களாம். அப்பா அதைக் கல்யாண ஆல்பத்தைக் காட்டும்போது வரும் குரலில் சொல்வார். “நாலணா. கையில வச்சான். அதாம் மெஸ்ஸு.”

இந்தக் கதையை நான் ஐந்து வயதிலிருந்து கேட்டு வளர்ந்தவள். மெஸ் என்றால் மிச்சத்தைத் திருப்பிக் கொடுக்கும் இடம் என்பதில் எனக்குத் துளி சந்தேகமும் இருந்ததில்லை.

ஜாதவ்பூர் மெஸ்ஸிலும் ஏற்பாடு பார்வைக்கு அதேதான். முதல் தேதி ஆளுக்கு மூவாயிரம் பிஸ்கட் டப்பாவில் போட வேண்டும். மாதம் ஒருவர் மானேஜர். மினோதி மாசியின் சம்பளம், காஸ், அரிசி, மார்க்கெட் எல்லாம் அந்தப் பதினைந்தாயிரத்தில். ஆகஸ்டில் ரினிதி மானேஜர். செப்டம்பரில் ஜுமாவும் சோமாவும் ஒரே மானேஜர். இரண்டு மாதமும் கடைசி ஞாயிறு மத்தியானம் பீஸ்ட் நடந்தது. சைவக்காரியான எனக்கு மாசி தனியாகப் பன்னீர் போலிருக்கும் ‘சானா’ உருண்டையைக் குழம்பு வைத்துப் போட்டார். இவர்கள் மாதம் ஒருமுறை விருந்து சாப்பிடுகிறார்கள், நல்ல வழக்கம் என்று நினைத்தேன். அதற்குப் பணம் எங்கிருந்து வருகிறது என்று கேட்க எனக்குத் தோன்றவில்லை. எதையும் குறித்து வைப்பவள் என்று பெயர் வாங்கியவள், இதைக் குறிக்காமல் விட்டேன்.

அந்த இரண்டு மாதமும் என் கணக்கு ஒன்பதாயிரத்துக்குள் அடங்கியது. ஞாயிற்றுக்கிழமைதோறும் அப்பாவுக்கு ரசீதுகளைப் படம் எடுத்து அனுப்புவேன். பதில் பெரும்பாலும் ஒரு கட்டைவிரல் படம். ஒரு முறை மட்டும், “15ஆம் தேதி ஆட்டோ ரூ. 20. வவுச்சர் எங்கே?” என்று வந்தது. ஆட்டோக்காரரிடம் ரசீது கேட்டால் அவர் முகம் எப்படிப் போகும் என்பதை விளக்கி ஒரு குரல் செய்தி அனுப்பினேன். அதற்கும் கட்டைவிரல்.

பூஜை மாதம்

அக்டோபர் முதல் வாரமே துர்கா பூஜை வந்தது. சப்தமி அன்று மாலை பிங்கியோடு பந்தல் பந்தலாகச் சுற்றினேன். நாலாவது பந்தலில் கூட்டம் எங்களைத் தூக்கிக்கொண்டு போய் மறுபக்கம் இறக்கியது. என்னை மட்டும் இறக்கியது. ஒரு செருப்பு உள்ளேயே தங்கிவிட்டது. மறுநாள் புதுச் செருப்பு, ஐநூறு. அவசர நிதி முடிந்தது.

அதற்கு முந்தைய வாரமே ரினிதி சொல்லியிருந்தாள். “மாசிக்குப் பூஜை போனஸ். ஆளுக்கு ஐநூறு. ஒரு மாசச் சமையல் சம்பளம் அது. எல்லா வீட்டிலயும் கொடுக்கறதுதான்.”

அப்பாவின் தாளை எடுத்துப் பார்த்தேன். மாசிக்குப் பூஜை போனஸ் என்று ஒரு தலைப்பு அதில் இல்லை. இருபத்தேழு வருடம் இந்த ஊரில் இருந்தவருக்கு அது தெரியாமலா இருக்கும்? தெரியும். ஆனால் எங்கள் வீட்டில் சமையலுக்கு ஆள் வைத்ததில்லை. அதனால் வருடாவருடம் அப்படி ஒரு போனஸை யாருக்கும் கொடுக்க வேண்டியிருக்கவில்லை.

கொடுத்தேன். மாசி அந்தப் பணத்தில் எடுத்த புடவையைக் கட்டிக்கொண்டு அஷ்டமி அன்று வந்து நின்றார். கத்திரிப்பூ நிறம், சிவப்புக் கரை. “எப்படி இருக்கேன்?” என்று இரண்டு முறை சுற்றிக் காட்டினார். அந்த ஐநூறுக்காக இன்றுவரை நான் வருந்தியதில்லை.

ஆனால் கணக்கு கணக்குதான். ஜெராக்ஸில் நூற்றுப்பத்து மிச்சம் பிடித்தும் மாத முடிவில் 9,390 வரும் என்று தெரிந்துவிட்டது. முந்நூற்றுத் தொண்ணூறு ரூபாய் அதிகம். அப்பாவோ மாதக் கடைசியில் நேரில் வருவதாகச் சொல்லியிருந்தார். பெஹாலா கிரில் என் கனவில் கிரீச்சென்று சத்தம் போட்டது.

அப்போதுதான் எனக்கு அந்த யோசனை. அக்டோபருக்கு மானேஜர் பிங்கி. பூஜை மாதத்தில் மானேஜராக இருக்க யாருக்கும் இஷ்டமில்லை. “நான் இருக்கட்டுமா?” என்றேன். பிங்கி என்னைக் கட்டிப்பிடித்துக் கன்னத்தில் முத்தம் கொடுத்தாள். மெஸ்ஸில் ஆளுக்கு நானூறு மிச்சம் பிடித்துத் திருப்பிக் கொடுத்தால், என் கணக்கும் ஒன்பதாயிரத்துக்குள் வந்துவிடும். எல்லோருக்கும் லாபம். இதில் என்ன தப்பு?

மீன் வாங்கத் தெரியாதவள்

மானேஜர்தான் மார்க்கெட்டுக்குப் போக வேண்டும். மீன் வாங்க வேண்டும். என் குடும்பத்தில் எனக்குத் தெரிந்து மூன்று தலைமுறையாக யாரும் மீன் கடை வாசலில் நின்றதில்லை.

முதல் நாள் காலை ஏழு மணி. மீன்காரர் பெரிய அரிவாள்மணைக்கு முன்னால் உட்கார்ந்திருந்தார். நான் எதிரே இருந்த கொத்தமல்லிக் கட்டைப் பார்த்துக்கொண்டே, “எது விலை கம்மி?” என்றேன்.

“திதி, மீன் இந்தப் பக்கம் இருக்கு” என்றார் அவர்.

“தெரியும். எது கம்மி?”

“செவுளைத் தூக்கிப் பாருங்க, சிவப்பா இருக்கா இல்லையான்னு...”

“நீங்களே பார்த்துச் சொல்லுங்க தாதா, உங்க மேல நம்பிக்கை இருக்கு.” இங்கே தாதா என்றால் அண்ணன்.

பக்கத்துக் கடைக்காரர் கூப்பிட்டுச் சொன்னார்: “ஏ, எல்லாரும் பாருங்க! இவன் மேல நம்பிக்கை வெச்ச முதல் ஆள்!”

விரல் நீளப் பொடி மீன் மலிவு என்று ஒரு கிலோ வாங்கி வந்தேன். மினோதி மாசி பையைத் திறந்து பார்த்தார். என்னைப் பார்த்தார்.

“இதை ஒவ்வொண்ணா யார் ஆயறது? உங்கப்பாவா?”

அன்று மாசிக்கு இரண்டு மணி நேரம் தாமதம். அதன்பின் பொடி மீன் வாங்கவில்லை. மீனையே குறைத்தேன். வாரம் நாலு நாள் இருந்தது இரண்டு நாள் ஆனது. மற்ற நாளில் பரங்கிக்காய். அந்த மாதம் பரங்கிக்காய் மிக மலிவு. பரங்கிக்காய்ப் பொரியல், பரங்கிக்காய்க் கூட்டு, பரங்கிக்காயும் உருளைக்கிழங்கும், உருளைக்கிழங்கும் பரங்கிக்காயும். பருப்பில் தண்ணீர் ஏறியது. முட்டைக் குழம்பில் முட்டை பாதியாக வெட்டப்பட்டது.

ஒருவரும் முணுமுணுக்கவில்லை என்பதுதான் எனக்கு ஆச்சரியமாக இருந்தது. இரட்டையர் தட்டைப் பார்த்து ஒருவரை ஒருவர் பார்த்துச் சிரித்துக்கொள்வார்கள். பிங்கி பாதி முட்டையைக் கண்ணை மூடிக்கொண்டு மெதுவாகச் சாப்பிடுவாள். ரினிதி ஒரு நாள் என் முதுகில் தட்டி, “நடத்து, நடத்து” என்றாள். என் நிர்வாகத் திறமையைப் பாராட்டுகிறார்கள் என்று எடுத்துக்கொண்டேன்.

திரும்பவும் அந்த மேஜை

இப்போது சனிக்கிழமை மேஜைக்குத் திரும்பலாம்.

“மிஞ்சினதைப் பிரிச்சுக் கொடுக்கறதுதானே மெஸ்?” என்றேன் நான்.

“எந்த ஊர்ல?” என்றாள் ரினிதி.

“டாலிகஞ்ச்ல.”

“மதி, மிஞ்சினதை பீஸ்ட் வெச்சுச் சாப்பிட்டுடணும். அதுதான் ரூல். டப்பாவில ஒரு ரூபா தங்கக் கூடாது, ஒரு ரூபா வீட்டுக்குப் போகக் கூடாது.”

“ஏன்?”

“ஏன்னா, திருப்பிக் கொடுக்கலாம்னா ஒவ்வொரு மானேஜரும் நம்மளைப் பட்டினி போட்டு மிச்சம் பிடிப்பா!”

ரினிதி பொதுவாகத்தான் சொன்னாள். என் முகம் மாறியதைப் பார்த்த பிறகுதான் அவளுக்கே உறைத்தது.

பிங்கி அழுதுகொண்டே சொன்னாள்: “நாங்க நினைச்சோம், நீ பீஸ்டுக்குச் சேர்க்கறேன்னு. இவ்வளவு பரங்கிக்காய்னா பீஸ்ட் எவ்வளவு பெரிசா இருக்கும்னு. நான் ஒவ்வொரு நாளும் மட்டனை நினைச்சுக்கிட்டே அந்தப் பரங்கிக்காயை முழுங்கினேன், மதி!”

“நானும்” என்றாள் ஜுமா.

“நானும்” என்றாள் சோமா.

“நான் வீட்டுல சொல்லிட்டு வந்துட்டேன், ஞாயித்துக்கிழமை மட்டன்னு” என்றார் மாசி.

அதற்கு மேல் மறைக்க முடியவில்லை. அப்பாவின் தாளைக் கொண்டுவந்து மேஜையில் விரித்தேன். மொழிபெயர்த்துச் சொன்னேன். செருப்பு, போனஸ், முந்நூற்றுத் தொண்ணூறு, பெஹாலா, கிரில், சாவி எல்லாம். நானூற்றுப் பன்னிரண்டு திரும்பி வந்தால் என் கணக்கு 8,978. இருபத்திரண்டு ரூபாய் மிச்சத்தில் நான் இங்கேயே இருக்கலாம். விருந்து வைத்தால் 9,390.

ரினிதி தாளை எடுத்துத் திருப்பினாள். “பின்னால என்னவோ எழுதியிருக்கே?”

அப்போதுதான் பார்த்தேன். அம்மாவின் பென்சில் எழுத்து: “வயித்தக் கட்டி மிச்சம் பிடிக்காத.”

நான் என் வயிற்றை மட்டும் கட்டவில்லை. ஐந்து பேர் வயிற்றைக் கட்டியிருந்தேன்.

ரினிதி போனை எடுத்தாள். டிங். இந்த முறை என் போன். நானூற்றுப் பன்னிரண்டு. டிங். பிங்கி. டிங், டிங்.

“உன் பங்கை நீ வெச்சுக்கோ. நாங்க நாலு பங்கில சாப்பிடறோம். நீயும் சாப்பிடு. உங்கப்பாகிட்ட 8,978ன்னு காட்டு. யாருக்குத் தெரியப் போகுது?” என்றாள்.

எனக்குத் தெரியும். ராஜாக்கள் எந்தத் தேதியில் போருக்குப் போனார்கள் என்று நூறு புத்தகங்களில் படித்திருக்கிறேன். அவர்கள் சமையல்காரருக்கு என்ன கொடுத்தார்கள், அன்று கூடச் சாப்பிட்டவர்கள் யார் என்பது எதிலும் இல்லை. அதனால்தான் சின்ன வயதிலிருந்தே இதையெல்லாம் குறித்து வைக்கிறேன். அந்த நோட்டில் பொய் எண் எழுத எனக்குக் கை வரவில்லை. அதைவிட, பரங்கிக்காயைச் சிரித்துக்கொண்டே முழுங்கிய நாலு முகங்கள் எதிரே இருந்தன.

ஐந்து பங்கையும் டப்பாவில் போட்டேன். இரண்டாயிரத்து அறுபது.

“மாசி, மட்டன் நீங்களே வாங்கிருங்க” என்றேன். “எனக்குச் செவுள் பார்க்கத் தெரியாது.”

“மட்டனுக்குச் செவுள் கிடையாது, அம்மா” என்றார் மாசி. அழுதுகொண்டிருந்த பிங்கி சிரித்த சிரிப்பு கீழ் வீடு வரைக்கும் கேட்டிருக்கும்.

கெஸ்ட் மீல்

ஞாயிறு காலை பதினொன்றரைக்கு அப்பா வந்தார். முந்தைய நாள் மாலை ஹவுராவில் இறங்கி பெஹாலாவில் தங்கியிருந்தார். கையில் அம்மா கொடுத்தனுப்பிய முந்திரிக்கொத்து டப்பா. மாடிப்படி முழுக்க மட்டன் வாசனை. அப்பா மூக்கைச் சுருக்கினாரே தவிர ஒன்றும் சொல்லவில்லை. இருபத்தேழு வருட கொல்கத்தா.

“வாங்க காகு!” என்று சித்தப்பா முறை வைத்துக் கூப்பிட்டு நாலு பேரும் அவர் காலைத் தொட்டார்கள். அப்பா வங்க மொழியிலேயே ஊர், பாடம், அப்பா பெயர் எல்லாம் விசாரித்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

“நோட்ட எடு.”

மேஜையின் ஓரத்தில் உட்கார்ந்து பார்த்தார். விரலை ஒவ்வொரு வரியாக இறக்கினார். சமையலறையில் கரண்டிச் சத்தம்கூட நின்றுபோனது.

“9,390.”

“ஆமாப்பா.”

“390 கூட.”

“ஆமாப்பா.”

“மெஸ்ஸுல 412 மிச்சம்னு ஒரு வரி எழுதி அடிச்சிருக்க. அதக் கழிச்சா உள்ளதான வருது. ஏன் அடிச்ச?”

மற்றவர்களுக்கும் புரியட்டும் என்று வங்க மொழியில் சொல்லத் தொடங்கினேன். பாதியில் ரினிதி வந்து மீதியைச் சொன்னாள். ரூலையும் சொன்னாள். டப்பாவில் ஒரு ரூபாய் தங்கக் கூடாது, வீட்டுக்கும் போகக் கூடாது. போனால் மானேஜர் எல்லோரையும் பட்டினி போடுவாள்.

அப்பா நிமிர்ந்து உட்கார்ந்தார். அவர் முகத்தில் ஒரு வெளிச்சம் வந்தது. ஒரு வருடம் ஒத்துப்போகாத கணக்கு ஒத்துப்போன நாட்களில் மட்டும் அதை நான் பார்த்திருக்கிறேன்.

“யாரு போட்ட ரூல் இது?”

“தெரியாது காகு. எங்களுக்கு முன்னாடி இருந்தவங்க.”

“நல்ல மூளைக்காரி எவளோ போட்டிருக்கா” என்று தமிழில் என்னிடம் சொன்னார். “நாங்க டாலிகஞ்ச்ல நாலணா நாலணாவாத் திருப்பி வாங்கினோம்லா? நாலு வருசமும் தண்ணிச் சாம்பாருதான். ஏன்னு இப்பந்தான் வெளங்குது.”

பிறகு சட்டைப்பையிலிருந்து பேனாவை எடுத்தார். மேஜையில் கிடந்த தன் பழைய தாளை இழுத்து, ‘இதர வகை’க்குக் கீழே எழுதினார்: “மாசி பூஜை போனஸ் ரூ. 500. அக்டோபர் மட்டும்.” கீழே கையெழுத்து, தேதி.

“கொடுக்க வேண்டியதக் கொடுத்திருக்க. தலைப்பே போடாம விட்டா அது பட்ஜெட் போட்டவன் தப்பு, செலவழிச்சவ தப்பு இல்ல. இப்போ ஒன் பட்ஜெட்டு ஒம்பதாயிரத்து ஐநூறு. 110 மிச்சம்.”

“அப்போ பெஹாலா?”

“பெரியப்பாவப் பாக்க மாசத்துல ஒரு நாளு போய்ட்டு வா. அது போதும்.”

தமிழ் தெரியாத நாலு பேரும் என் முகத்தைப் பார்த்தே கூச்சல் போட்டார்கள். பிங்கி என்னை இடித்த வேகத்தில் முந்திரிக்கொத்து டப்பா கீழே விழுந்தது. மூடி திறக்கவில்லை. அம்மா கட்டிய கயிறு அப்படி.

சாப்பாட்டுக்கு உட்காரும்போது ரினிதி டப்பாவை அப்பா முன் நீட்டினாள். “காகு, கெஸ்ட் மீல் எண்பது ரூபா. ரூல்.”

அப்பா எண்பது ரூபாய் எண்ணிப் போட்டார். “ரசீது?” என்றார். ரினிதி எழுதிக் கொடுத்தாள். அதை இரண்டாக மடித்துப் பையில் வைத்துக்கொண்ட பிறகுதான் சாதத்தில் கை வைத்தார். எங்கள் இரண்டு பேருக்கும் சானாக் குழம்பு, நெய் மணக்கும் சாதம், தக்காளிச் சட்னி. மற்றவர்கள் மட்டனில் மூழ்கினார்கள். பிங்கி இரண்டாம் முறை பரிமாறச் சொன்னாள், மூன்றாம் முறை சொல்லாமலே மாசி பரிமாறினார்.

மாலையில் அப்பாவை பஸ் ஸ்டாண்டு வரை கொண்டுவிடப் போனேன். திடீரென்று நின்றார்.

“அந்த 110?”

“அடுத்த மாசத்துக்கு...”

“வீட்டுக்குப் போகக் கூடாதும்லா? நட.”

இருபது ரூபாய்க்கு எனக்கு எட்டு புச்கா, அதாவது பானிபூரி; இருபது ரூபாய்க்கு அவருக்கு எட்டு. புளித்தண்ணீர் சட்டைக் கையில் வழிய வழிய எட்டும் சாப்பிட்டார். முப்பத்தைந்து ரூபாய் மண்கப்புத் தயிர் இரண்டு. சரியாக நூற்றுப்பத்து. பஸ் ஏறும்போது, “காரம் பத்தல” என்றார்.

ஒரு வரி நிலுவையில்

அன்று மாலை மெஸ் நோட்டை மூடும்போது ஒன்று கவனித்தேன். விருந்துச் செலவை மாசி கொடுத்த சீட்டுகளை வைத்துக் கூட்டினேன். மட்டன், சானா, அரிசி, நெய், ரசகுல்லா, மற்றவை எல்லாம் சேர்த்து 2,340. டப்பாவில் இருந்தது எங்கள் 2,060, அப்பாவின் கெஸ்ட் மீல் 80. ஆக 2,140. இருநூறு ரூபாய் யார் போட்டது?

ரினிதி இல்லை என்றாள். இரட்டையர் ஒரே குரலில் இல்லை என்றார்கள். பிங்கியிடம் இருக்க வழியில்லை. மாசியைக் கேட்டால் கத்திரிப்பூப் புடவை முந்தானையால் வாயை மூடிக்கொண்டு, “கணக்கு உன் வேலை, சமையல் என் வேலை” என்று சிரித்தார்.

போன பொங்கலுக்குத் தூத்துக்குடி போயிருந்தபோது அப்பாவின் பழைய சட்டைப்பை நோட்டுகளைப் புரட்டினேன். அவர் எழுதும் ஒவ்வொரு செலவுக்கும் எதிரே காரணம் இருக்கும். டீக்குக்கூட எந்த ஸ்டேஷன் என்று எழுதுவார். அந்த ஞாயிற்றுக்கிழமைக்கு நேரே இரண்டு வரிகள். “கெஸ்ட் மீல் 80, ரசீது உண்டு.” அடுத்தது, “இதர 200.” அதற்கு மட்டும் காரணம் எழுதவில்லை.

கேட்டேன். “டாக்ஸியா இருக்கும்” என்றார். பெஹாலாவிலிருந்து அன்று அவர் பஸ்ஸில்தான் வந்தார். டிக்கெட்டை நானே பார்த்தேன். ஆனால் மாசியும் தான் போடவில்லை என்று இதுவரை சொல்லவில்லை.

எனவே மெஸ் நோட்டில் அந்த இருநூறுக்கு எதிரே அன்று எழுதியதை மாற்றாமல் வைத்திருக்கிறேன்: வரவு, யாரிடமிருந்து என்பது உறுதிப்படவில்லை.